வெப் தொலைநோக்கியின் கோப்பு ஒன்றை மன்னார்குடியில் பிரித்துப் பார்த்தோம்

தொலைதூர விண்மீன் திரள்களைப் பற்றிய செய்தி எதை எடுத்தாலும் ஒரு பெரிய எண் முன்னால் வந்து நிற்கும். 1,310 கோடி ஆண்டு, 1,350 கோடி ஆண்டு என்று. வாசிக்கிறவர்கள் வியந்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். எதை அளந்து அந்த எண்ணைச் சொன்னார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை. எனக்கு அது பல காலமாக உறுத்திக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகள் பொதுக் காப்பகத்தில் கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அப்படியிருக்க, அந்த எண்களில் ஒன்றையாவது நம் கையால் வரவழைத்துப் பார்த்துவிடுவது என்று நானும் அண்ணன் மகளும் உட்கார்ந்தோம். நான் மன்னார்குடியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அவள் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். சம்பா அறுவடை முடிந்து நெல்லும் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் எல்லோருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும் மாசி மாதம் இதற்குத் தோதாக அமைந்தது.

எந்தத் திரளை எடுப்பது என்பதில்தான் முதல் விவாதம். அவளுக்கு ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 மீது ஆசை. 2024-இல் அறிவிக்கப்பட்டபோது அறியப்பட்டவற்றிலேயே மிகத் தொலைவான திரள் அதுதான். பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்து ஒளி. ஆனால் வீட்டில் கையால் அளக்க அது ஏற்றதல்ல. அதன் நிறமாலையில், அதாவது அலைநீள வாரியாகப் பிரித்த ஒளியில், ஓரிடத்தில் ஒளி திடுமென்று நின்றுபோகும் விளிம்பை வைத்துத்தான் முதலில் தொலைவைச் சொன்னார்கள். மங்கலான விளிம்பு என்பதால், அது சரியாக எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே மாதிரிகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும். முதலில் 14.32 என்று கணித்த செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதன் அளவு; எண் பெரிதானால் தொலைவும் பெரிது), சிலியில் உள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கி ஆக்சிஜன் வரியை, அதாவது ஆக்சிஜன் உமிழும் குறிப்பிட்ட அலைநீள ஒளியை, பிடித்த பிறகு 14.18 என்று திருந்தியது. தொழில்முறை ஆய்வாளர்களுக்கே அவ்வளவு வேலை வைத்த பொருள் அது. தொடங்குகிறவர்களுக்குத் தேவை தெளிவான, கூர்மையான வரிகள்.

எனவே 2022 ஜூலையில் வெளியான முதல் படங்களுக்கே திரும்பினோம். எஸ்மேக்ஸ் 0723 என்ற திரள்கூட்டத்தை அப்போது படம் எடுத்தார்கள். அந்தக் கூட்டத்தின் ஈர்ப்பு, அதற்கு வெகு தொலைவில் பின்னால் இருக்கும் திரள்களின் ஒளியை வளைத்துப் பெருக்கிக் கொடுக்கிறது. பின்னணியில் இருக்கும் அந்தத் திரள்கள் சிலவற்றின் மீது நிர்ஸ்பெக் என்ற நிறமாலைமானியையும் திருப்பினார்கள். காப்பகத்தில் திட்ட எண் 2736 என்று தேடினால் எல்லாம் வரும். அதில் 4590 என்று எண் இடப்பட்ட பொருள்தான் நாங்கள் எடுத்தது. "1,310 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒளி" என்று அன்று உலகமெங்கும் அச்சானது இந்த ஒன்றைப் பற்றித்தான்.

இறக்குவதில் ஒரு யோசனை சொல்கிறேன். படக் கோப்புகள் ஜிபி கணக்கில் இருக்கும். நிறமாலைக் கோப்பு அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, கைப்பேசி இணைப்பிலேயே இறங்கிவிடும். டெல்டாவில் பிற்பகலில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும் நாட்களில் பெரிய கோப்பு பாதியில் நின்றுவிடும். ஆகவே விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியுள்ள பதிவிறக்க நிரலைப் பயன்படுத்துங்கள். குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் விடும் ஆறு வடிகட்டிகளின் படங்களையும் முழுதாக நினைவகத்தில் ஏற்ற எட்டு ஜிபி மடிக்கணினி தாங்காது. பைத்தானில் ஆஸ்ட்ரோபை என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. அது கோப்பை முழுதும் திறக்காமல் வேண்டிய சதுரத்தை மட்டும் வெட்டித் தரும். கடையில் பழுதுக்கு வந்து யாரும் திரும்ப வாங்காமல் போன ஒரு பழைய மடிக்கணினியில், லினக்ஸ் போட்டு, இதை வைத்தே வேலையை முடித்தோம்.

முதலில் படம். 4590 இருக்கும் இடத்தை ஆறு வடிகட்டிகளிலும் ஒரே அளவில் வெட்டி வரிசையாக வைத்தோம். 0.9 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) படத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. 1.5 மைக்ரானில் ஒரு சிறு புள்ளி வந்தது. 2, 2.7, 3.5 மைக்ரானிலும் இருந்தது. 4.4 மைக்ரானில் திடீரென்று நன்றாகவே துலங்கியது.

"சித்தப்பா, முதல் படத்தில் இல்லாதது இரண்டாவதில் எங்கிருந்து வந்தது?" என்றாள்.

இதுதான் தொலைதூரத் திரள்களைத் தேடும் அடிப்படை முறை. திரளுக்கும் நமக்கும் இடையில் உள்ள ஹைட்ரஜன், 121.6 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள புறஊதா ஒளியை விழுங்கிவிடுகிறது. பிரபஞ்சம் விரிவதால் அந்த எல்லை நீண்டு நீண்டு அகச்சிவப்புக்கு வந்துவிடும். எந்த வடிகட்டியில் திரள் மறைகிறதோ, அதை வைத்து எல்லை எங்கே இருக்கிறது என்று ஊகிக்கலாம். இங்கே 0.9-க்கும் 1.5-க்கும் நடுவில். அப்படியென்றால் அலைநீளம் ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு வரை நீண்டிருக்க வேண்டும். ஊகத்துக்கு இது போதும். முடிவுக்குப் போதாது.

ஏன் போதாது என்பதற்கு அண்மைக் காலத்திலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. சீயர்ஸ்-93316 என்ற திரள், படங்களை மட்டும் வைத்துப் பார்த்தபோது செம்பெயர்ச்சி 16-க்கு மேல் என்று தோன்றியது. அது உண்மையாக இருந்திருந்தால் அன்றைய எல்லாச் சாதனைகளும் உடைந்திருக்கும். 2023-இல் நிறமாலை எடுத்துப் பார்த்தார்கள், 4.9 என்று வந்தது. தூசி நிறைந்த, அதைவிட வெகு பக்கத்தில் உள்ள திரள்தான். அதன் வலுவான வரிகள் சரியாகச் சில வடிகட்டிகளுக்குள் விழுந்து, தொலைதூரத் திரளின் நிறத்தைப் போலக் காட்டிவிட்டன. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து நன்றாகக் காய்ந்துவிட்டது என்று எத்தனை பேர் சொன்னாலும், ஈரப்பத மானி 17 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் மூட்டை திரும்பிவிடும். வானியலில் நிறமாலைக்கு அந்த இடம். ஆகவே "மிகத் தொலைவான திரள்" என்று செய்தி வந்தால் நான் முதலில் தேடுவது, நிறமாலை எடுத்தார்களா என்பதைத்தான்.

நிர்ஸ்பெக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் நடுவில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மிகச் சிறிய கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலம், பத்தில் இரண்டு பங்கு நீளம். எந்தத் திரள்களைப் பார்க்க வேண்டுமோ அவற்றின் மேல் உள்ள கதவுகளை மட்டும் திறந்து மற்றதை மூடிவிடுகிறார்கள். ஒரே நேரத்தில் பல திரள்களின் ஒளி தனித்தனியாகப் பிரிந்து வரும். ஒவ்வொரு திரளுக்கும் செங்குத்தாக மூன்று கதவுகளைத் திறந்து, தொலைநோக்கியைச் சற்றே அசைத்து, திரளின் ஒளி முதலில் ஒன்றில், பிறகு அடுத்ததில் என்று விழச் செய்கிறார்கள். ஒரு நிலையில் எடுத்ததை இன்னொரு நிலையிலிருந்து கழித்தால் பின்னணி வானத்தின் ஒளி நீங்கிவிடும். இந்தக் கழித்தல்தான் பின்னால் எங்களுக்குப் பெரிய உதவி செய்தது.

4590-க்கு இரண்டு வகைக் கோப்புகள் உண்டு. ஒன்று, அலைநீளத்துக்கு எதிரே ஒளியின் அளவு தரும் வெறும் அட்டவணை. இன்னொன்று, இருபரிமாண நிறமாலைப் படம். பலரும் அட்டவணையை மட்டும் வரைந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் இரண்டையும் அருகருகே திறந்தோம்.

அட்டவணையை வரைந்ததும் திரையில் வந்தது புல் முளைத்த வரப்பு மாதிரியான கோடு. எங்கு பார்த்தாலும் குத்துக் குத்தாக ஏற்றங்கள். இதில் எது திரளிலிருந்து வந்த வரி, எது விண்வெளியிலிருந்து வரும் துகளான காஸ்மிக் கதிர் கருவியின் உணரியில் மோதிய தடம் என்று கோட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உயரம் ஏமாற்றும். மிக உயரமாக நின்ற ஒன்று ஒரே ஒரு படப்புள்ளி அகலமே இருந்தது. உண்மையான வரி அப்படி இருக்காது. கருவியே அதைக் குறைந்தது இரண்டு புள்ளிக்காவது பரப்பிவிடும்.

இருபரிமாணப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் காரியம் தெளிந்தது. சாம்பல் நிறப் பின்னணியில் ஓரிடத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு. அதற்கு நேர் மேலே ஒரு கரும்பொட்டு, நேர் கீழே இன்னொரு கரும்பொட்டு. மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில், சம இடைவெளியில். முன்பு சொன்ன கழித்தல் விட்டுச் சென்ற அடையாளம் அது. கதவு வழியாக வந்த ஒளிக்கு மட்டுமே இப்படி இரண்டு கறுப்புத் துணைகள் இருக்கும். உணரியில் நேராக மோதிய காஸ்மிக் கதிருக்கு இந்த ஒழுங்கு அமையாது. அந்த உயரமான ஒற்றைப் புள்ளி ஏற்றத்தின் இடத்தில் போய்ப் பார்த்தோம்; தனியாக ஒரு வெள்ளைப் புள்ளி, மேலும் கீழும் ஒன்றும் இல்லை. தள்ளிவிட்டோம். நீங்கள் இதைச் செய்வதாக இருந்தால், இந்த ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

4.6 மைக்ரானிலிருந்து 4.8 மைக்ரானுக்குள் மூன்று இடங்களில் வெள்ளைப் பொட்டு, கறுப்புத் துணைகளோடு இருந்தது. இடமிருந்து வலமாக: சிறியது ஒன்று, சற்றுத் தள்ளி அதைவிடப் பெரியது, பிறகு எல்லாவற்றையும் விடப் பிரகாசமானது. இந்த வரிசையைப் பார்த்ததுமே அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஹைட்ரஜனின் ஹெச்-பீட்டா வரி, அதன் பின் ஆக்சிஜனின் இரட்டை வரிகள். வாயு மேகங்கள் ஒளிரும் எந்தத் திரளிலும் இந்த மூவர் இதே வரிசையில் வருவார்கள்.

இந்த ஆக்சிஜன் வரிகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒளிமேகங்களின் நிறமாலையில் பச்சை நிறத்தில் இவற்றைக் கண்டார். பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. நெபுலியம் என்று புதுத் தனிமமே இருக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். 1927-இல் ஐரா போவன்தான், இது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த சாதாரண ஆக்சிஜன் என்று காட்டினார். நம் ஆய்வகங்களில் வாயுவின் அடர்த்தி அதிகம். அணுக்கள் ஒன்றோடொன்று மோதி, அந்த ஒளியை உமிழும் முன்பே ஆற்றலை இழந்துவிடுகின்றன. விண்வெளியில் மோதுவதற்கு ஆளே இல்லாததால் நிதானமாக ஒளிர முடிகிறது. கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்திருக்க வேண்டிய அந்த ஒளிதான் எங்கள் திரையில் 4.7 மைக்ரான் அகச்சிவப்பில் நின்றுகொண்டிருந்தது. ஹபிள் தொலைநோக்கி ஏறத்தாழ 1.7 மைக்ரானோடு நின்றுவிடும்; இந்த வரிகளை அதனால் பார்த்திருக்கவே முடியாது.

இனிக் கணக்கு. ஒவ்வொரு முகட்டின் நடுவையும் அளந்தோம்: 4.617, 4.710, 4.756 மைக்ரான். அவை புறப்பட்டபோது இருந்த அலைநீளங்கள் முறையே 0.48627, 0.49603, 0.50082 மைக்ரான். அளந்ததைப் புறப்பட்டதால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் தாளில் போட்டாள். 9.495, 9.495, 9.496. ஒன்றைக் கழித்தால் செம்பெயர்ச்சி 8.495-க்கும் 8.496-க்கும் நடுவில். மூன்று தனித்தனி வரிகள், இரண்டு வெவ்வேறு தனிமங்கள், விடை ஒன்று. தற்செயலாக மூன்று இரைச்சல் முகடுகள் இப்படி ஒத்துப்போக வாய்ப்பே இல்லை. ஆய்வுக் கட்டுரைகளில் அச்சான மதிப்பும் இதுவேதான். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் கீற்றணி வைத்துப் பாதரச விளக்கின் வரிகளை அளந்த எவருக்கும் இந்தக் கணக்கில் புதிதாக ஒன்றும் இல்லை.

ஒரு நுணுக்கம் உண்டு. பாடநூல்களில் அந்த ஆக்சிஜன் வரிக்கு 500.7 நானோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது காற்றில் அளந்த அலைநீளம். தொலைநோக்கி இருப்பது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், வெற்றிடத்தில். அதன் கோப்புகளில் வெற்றிட அலைநீளமே இருக்கும். எனவே வகுக்கும்போது 500.82 என்பதைத்தான் பயன்படுத்த வேண்டும். காற்றின் மதிப்பைப் போட்டால் விடை 8.499 என்று வரும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் மூன்றாம் தசம இடத்தில் சண்டை போடுகிறவர்களுக்கு அது பெரிய வித்தியாசம்.

இன்னொரு சோதனையையும் செய்தோம். ஆக்சிஜனின் அந்த இரண்டு வரிகளும் அணுவின் ஒரே உயர் ஆற்றல் நிலையிலிருந்து இறங்கும்போது வருகிறவை. ஆகவே அவற்றின் வலு விகிதத்தை அணுவின் அமைப்பே நிர்ணயித்துவிடுகிறது: ஏறத்தாழ 2.98. திரள் பெரியதோ சிறியதோ, இளையதோ முதியதோ, இந்த விகிதம் மாறாது. முகடுகளின் அடியில் உள்ள பரப்பைக் கூட்டி வகுத்துப் பார்த்தோம்; மூன்றை ஒட்டியே வந்தது. 1,300 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் ஆக்சிஜன் அணு இன்று போலவேதான் நடந்துகொண்டது என்று எங்கள் வீட்டு மேசையில் வைத்துப் பார்த்தது, எனக்குத் தொலைவை அளந்ததைவிடப் பெரிதாகப் பட்டது.

செம்பெயர்ச்சியை ஆண்டாக மாற்ற ஆஸ்ட்ரோபையிலேயே வழி உண்டு. பெருவெடிப்பின் எச்ச ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு கணக்கிட்டால், ஒளி புறப்பட்டபோது பிரபஞ்சத்தின் வயது சுமார் 59 கோடி ஆண்டு. இன்றைய வயது சுமார் 1,380 கோடி. கழித்தால் 1,320 கோடி. செய்தியில் வந்தது 1,310. பிரபஞ்சம் விரியும் வேகத்துக்கு எந்த மதிப்பை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த இடத்தில் விடை சற்று நகரும். அளந்த உண்மை செம்பெயர்ச்சிதான். ஆண்டு என்பது அதிலிருந்து கணித்தது. அந்தத் திரள் இப்போது எவ்வளவு தொலைவில் இருக்கும் என்று கேட்டால், இடைவெளி விரிந்துகொண்டே வந்ததால், சுமார் 3,000 கோடி ஒளியாண்டு என்று வருகிறது.

"அது நம் ஊரிலிருந்து எந்தப் பக்கம் சித்தப்பா?" என்று அவள் கேட்டதால் அதையும் பார்த்தோம். எஸ்மேக்ஸ் 0723 வானத்தின் தென்கோடியில், வான நடுவரைக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே செல்லும் கோட்டுக்கு) 73 பாகை தெற்கே இருக்கிறது. டெல்லியில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. மன்னார்குடியில் உச்சம் அடையும்போது ஏறத்தாழ 6 பாகை உயரம் வரும். மாசி மாதத்தில் இரவு ஒன்பது பத்து மணிக்குத் தெற்கே அகத்திய நட்சத்திரம் துலங்கும் அல்லவா, அதற்கு இருபது பாகை கீழே, சற்றே இடப்புறம். குன்று மலை எதுவும் இல்லாத டெல்டாவில், அறுவடை முடிந்த வயலில் நின்றால், தெற்கு அடிவானம் தடையின்றிக் கிடக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனாலும் அந்தத் திசையை அவளுக்குக் கைநீட்டிக் காட்ட முடிந்தது.

இதைத் திரும்பச் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒன்று. காப்பகம் கோப்புகளை அவ்வப்போது புதிய அளவுத்திருத்தத்தோடு மறுபடி உருவாக்கிப் போடுகிறது. வரிகளின் இடம் அதிகம் மாறாது; ஒளியின் அளவு மாறலாம். எனவே கோப்பின் தலைப்பகுதியில் உள்ள அளவுத்திருத்தப் பதிப்பு எண்ணை உங்கள் குறிப்பேட்டில் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். 4590-ஐ இரண்டு முறை தனித்தனியாக நோக்கியிருக்கிறார்கள். இரண்டையும் இறக்கிப் பாருங்கள். வலு வேறுபட்டாலும் முகடுகளின் இடம் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அதே திட்டத்தில் 6355, 10612 என்ற இரண்டு பொருள்களும் இருக்கின்றன. இரண்டின் பிரகாசமான ஆக்சிஜன் வரியும் 4.34 மைக்ரான் பக்கத்தில் விழுகிறது. செம்பெயர்ச்சி இரண்டுக்கும் 7.66 அருகில். தொடங்குகிறவர்களுக்கு 6355-தான் மிக எளிது, வரிகள் அவ்வளவு தெளிவு. அவள் இப்போது 4590-இலேயே 4.14 மைக்ரானில் உள்ள ஒரு சிறு முகட்டில் இறங்கியிருக்கிறாள். அதுவும் ஆக்சிஜனின் வரிதான். அதன் வலுவைப் பெரிய வரியோடு ஒப்பிட்டால் அந்த வாயுவின் வெப்பநிலை கிடைக்கும். வெப்பநிலை கிடைத்தால் அங்கே ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லலாம். சூரியனில் இருப்பதில் சில விழுக்காடுதான் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஹைட்ரஜனின் ஹெச்-காமா வரி 4.12-இல் நிற்பதால் இரண்டையும் பிரித்து அளக்க வேண்டும், இரைச்சலையும் சரியாக மதிப்பிட வேண்டும். குறுவைக்குத் தண்ணீர் வருவதற்குள் அதை முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறோம்.